ஒன்பதாம் கம்பு

கரை எவ்வளவு மிச்சம் என்று
எழுதிவைப்பது என் உத்தியோகம்.
பதினாலு கம்பு நட்டிருக்கிறோம், அடிக்கொரு நிறமாய்,
சிவப்பு, வெள்ளை, சிவப்பு.
சங்குமுனைக்கு வேனில் வந்திறங்குகிறவர்களுக்கு
அது துண்டு காயப்போட.
மூன்றாம் கம்பில் ஒரு பையனைக் கட்டியிருந்தார்கள்,
திருடன் போலீஸ்.
அவிழ்த்துவிட்டு அளந்தேன்:
போன வாரத்துக்கு ஒரு சாண் குறைவு.

தெற்கூர்க்காரர்கள் மனுப்போட்டுத்
தூண்டில் வளைவு வாங்கினார்கள்.
கல்லுக்குத் தெற்கே மணல் அடைந்து படுத்துக்கொண்டது.
கல்லுக்கு வடக்கே நாங்கள்.
ஆடியில் கச்சான் எழுந்து
ஏழு படியில் நாலைத் தின்றது,
பெண்கள் உடைமாற்றும் அறையைக்
கதவோடு தின்றது,
படமெடுக்கக் கட்டியிருந்த ஆளுயர எழுத்துகளில்
முதலெழுத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது.
இப்போது 'ங்குமுனை'.
எந்தச் சொல்லும் தொடங்காத எழுத்தில்
தொடங்குகிறது ஊர்.
அதன் முன்னாலும் நின்று சிரிக்கிறார்கள்.

பிறகு கப்பல் வந்தது, குழாய் வந்தது,
ஆழத்துக் கறுத்த மண்ணை
இருபத்தாறு நாள் கக்கியது.
மாங்காய்க் கீற்று விற்கும் பிரகாசியக்கா
செருப்பைக் கழற்றி நின்று பார்த்தாள்.
"இது வேத்து மண்ணுல்லா பிள்ள. காலு சொல்லுது."
வெயிலில் வெளுக்கும் என்றேன்,
எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.
வெளுத்தது. முக்கால்வாசி வெளுத்தது.

வந்த மண் ஓடிவிடாதிருக்க ஓலைத்தட்டி கட்டி
அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் நட்டோம்.
உள்ளே வராதீர் என்று பலகை.
பலகையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து
புளிச்சோறு பிரித்தார்கள்.
அறை போன பெண்களுக்குத்
தட்டிதான் மறைப்பு;
ஒருத்தி மாற்ற, ஒருத்தி முதுகு காட்டி நிற்பாள்.
நனைந்த சேலைகளையும் அதன்மேலேயே விரித்தார்கள்.
விசிலடிக்கப் போனவள்
வாயிலிருந்து எடுத்துவிட்டேன்:
ஈரச் சேலையில் மோதின காற்று
கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டுப் போகிறது.
ஒன்பதாம் கம்படியில் மட்டும்
கணுக்கால் உயரம் ஏறியிருக்கிறது கரை.

லிங்கக்கனி என்று பேராம், சாத்தான்குளத்துப் பக்கம்.
மகளுக்குக் கண் பிழைத்ததற்கு
சாஸ்தாவுக்கு நாற்பத்தொரு பெட்டி மண் நேர்ச்சை.
அலையடியில் அள்ளி, தலையிலேற்றி,
கோயில் முன்னால் கொட்டி, திரும்பி.
"அம்மா, அங்கன அள்ளாதீங்க, குழி விழும்."
"பின்ன எங்கன அள்ள? சாமி கடல் மண்ணுல்லா கேட்டாவ."
கப்பலும் கடலில்தானே அள்ளியது.
நான் வாயை மூடிக்கொண்டேன்.
"நீ பேசி எண்ணம் தப்பிட்டு.
முப்பத்தாறா, முப்பத்தேழா?"

எண்ணுவதற்கே சம்பளம் வாங்குகிறவள்
எண்ணியிருக்கவில்லை.

குறைந்தால் குத்தம், கூடினால் தோசமில்லை என்று
முப்பத்தாறில் வைத்துத் தொடர்ந்தாள்.
நாற்பத்தொன்று முடிந்து கும்பிட்டு வந்தவள்
கைப்பழக்கத்தில் இன்னொன்றும் அள்ளிவிட்டு
பெட்டியோடு நின்றாள்,
கோயிலுக்கும் எனக்கும் நடுவில்.
"இது சாமி கணக்குல சேராது.
ஒங்க கம்புக்கு வச்சுக்க."
ஒன்பதாவதின் காலடியில் கவிழ்த்து
பெட்டியின் அடியைத் தட்டினாள், இரண்டு தட்டு.

அன்றைய அளவு: நாலு விரல் கூடுதல்.
காரணம் என்ற கட்டத்தில்
காற்று என்று எழுதினேன்.

வேன் ஆரன் அடித்தது.
சேலைகளை உருவிக்கொண்டு ஓடினார்கள்.
ஒன்றை மட்டும் மறந்துவிட்டார்கள், மஞ்சள்,
முந்தி கிழிந்தது.
நாளைக்கு நெல்லையிலிருந்து ஜீப் வருகிறது,
தட்டியில் துணி கிடந்தால் எனக்குத்தான் மெமோ.

காற்று திரும்பிய பக்கத்துக்கு
அதன் இன்னொரு முனையையும் இழுத்துக் கட்டிவிட்டு
வீட்டுக்கு வந்தேன்.